தீர்மானம் போட்ட முட்டை

1973 ஜனவரி 4

இன்று வீட்டுக்கு வந்துவிட்டோம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தே வந்தார் வீட்டுக்காரர். புற்று வந்த இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டார்கள். உணவுக்குழாயை நேரே குடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்களாம். வயிறே இல்லாத மனுஷன் உட்கார்ந்துகொண்டு, "என் துண்டை எங்க வச்ச?" என்று என்னை அதட்டுகிறார். பார்த்துக்கொண்டே இருந்தேன். இது எப்படி நடக்கிறது?

நர்ஸ் பிரகதாம்பாள் சொல்லி அனுப்பினார்: "இனிமே அவருக்குப் பசி அவ்வளவா தெரியாதும்மா. கேக்கட்டும்னு இருந்துடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா நாளெல்லாம் குடுங்க. முட்டை, மீன், பருப்பு. கஞ்சியா ஊத்தாதீங்க, சத்து பத்தாது."

உடம்பு தேறினால்தான் அடுத்த மாதம் ஊசி மருந்து. அது இல்லாவிட்டால் நோய் திரும்பிவிடலாம்.

ஜனவரி 6

வீட்டில் கடிகாரம் கிடையாது. திருக்காட்டுப்பள்ளி பஸ் ஹாரன் அடித்தால் ஒரு வாய், பள்ளிக்கூட மணி அடித்தால் ஒரு வாய். குழந்தைக்குக்கூட நான் இப்படி ஊட்டியதில்லை.

ஜனவரி 9

சம்பா முற்றி நிற்கிறது, அறுக்க ஆள் இறங்கவில்லை. கூலி நெல்லை ஏற்றிக் கேட்டு வேலைநிறுத்தம். மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் போகிறாராம். வரப்பில் போலீஸ் நிற்கிறது. தெருவுக்கெல்லாம் ஒரே கஞ்சித்தொட்டி. தொட்டியில் இருப்பதுதான் எல்லாருக்கும், யாரும் தனியாகச் சமைத்துச் சாப்பிடக் கூடாது என்பது சங்கத் தீர்மானம். கொண்டுவந்தது யார்? சங்கச் செயலாளர் சாமிதுரை. என் வீட்டுக்காரர்தான். வேறு யார்!

முட்டை அவித்துக்கொண்டு போனேன். "இத்தனை நாள் ஆஸ்பத்திரி சோறு, சரி. வீட்டுக்கு வந்த புதுசுல தின்னதும் சரி. இனிமே தெரு குடிக்கிறதுதான் எனக்கும். எடுத்துட்டுப் போ."

வயிற்றுக்காகக் கொடி பிடித்த மனுஷர். வயிறு போயிற்று, பிடிவாதம் போகவில்லை.

ஜனவரி 14

பொங்கல். புது நெல் வீட்டுக்கு வராத பொங்கல். அடுத்த வீட்டுக் காளியம்மாள் தொட்டி அரிசியிலேயே வெல்லம் போட்டுப் பொங்கி எல்லார் வீட்டுக்கும் ஒரு கரண்டி கொடுத்தாள். நல்ல நாளில் இனிப்பை வேண்டாமென்று சொல்லலாமா? நானேதான் வாயில் வைத்தேன்.

சற்று நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண் செருகி... ஐயோ, போயிட்டாருன்னே நெனச்சேன். படுக்க வைத்து விசிறினேன். மெல்லக் கண் திறந்தார். காளியம்மாள் மூலையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழக்கூட வரவில்லை.

ஜனவரி 22

ஆஸ்பத்திரி. எடை குறைந்துவிட்டது. இன்னும் குறைந்தால் ஊசி போட முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

பொங்கல் கதையை நர்ஸிடம் சொன்னேன். "இரைப்பை மதகு மாதிரிம்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் தெறந்து விடும். இப்ப மதகு இல்லை. இனிப்பு மொத்தமா குடல்ல பாஞ்சிடுது" என்றார். இத்தனை வருஷம் கேட்பாரில்லாமல் உள்ளே ஒரு மதகு ஏறி இறங்கியிருக்கிறது! என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி 23

சங்கத் தலைவர் இராஜாங்கம் அண்ணனிடம் போய்க் கத்திவிட்டேன். "உங்க செயலாளர் தீர்மானத்தக் கட்டிக்கிட்டே சாவப்போறாரு. மாலை வாங்கி வச்சுக்குங்க!"

அண்ணன் என்னைத் திண்ணையில் உட்கார வைத்தார். பிறகு சொன்னார்: "நான் சொன்னா கேக்க மாட்டான். நீ சொன்னாலும் கேக்க மாட்டான். சங்கம் சொன்னா கேப்பான்."

ஜனவரி 24

மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம். போலீஸ், கூலி எல்லாம் பேசி முடித்த பிறகு அண்ணன் எழுந்தார். "தோழர் சாமிதுரை ஊசி மருந்து முடியிற வரைக்கும் முட்டை, மீன், பருப்பு தனியா சாப்பிடணும். இது சங்கத் தீர்மானம். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

தெருவே கை தூக்கியது. இடுப்பில் பிள்ளையோடு நின்றவர்களும் தூக்கினார்கள். வெறும் கஞ்சியில் வற்றிப்போன கைகள். 

"எதிர்க்கிறவங்க?"

ஒரே ஒரு கை. அவருடையதுதான்.

"தீர்மானம் நிறைவேறிச்சு. உக்காருப்பா."

காளியம்மாள் மடியிலிருந்து முட்டையை எடுத்தாள். பக்கத்துத் தொட்டி அடுப்பில் அவித்து, எல்லார் முன்னாலும் கொடுத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டுத் தின்றார். கண்ணீர் முட்டையில் விழுந்தது. 

ஜனவரி 29

பஸ் ஹாரன் கேட்டால் இப்போது நான் எழுந்திருக்கவே வேண்டியதில்லை. "அண்ணே, தீர்மானம்!" என்று தெருவிலிருந்து யாராவது குரல் கொடுத்துவிடுகிறார்கள். முறைத்துக்கொண்டே சாப்பிடுகிறார்.

பிப்ரவரி 3

பேச்சுவார்த்தை முடிந்தது. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை, பாதி கிடைத்தது. நாளை அறுப்பு.

பிப்ரவரி 8

எடை ஏறியிருக்கிறது! முதல் ஊசி போட்டாயிற்று. வரும் வழியெல்லாம் வாந்தி. ஆனாலும் போட்டாயிற்று.

பிப்ரவரி 21

நேற்று இரண்டாவது ஊசியும் முடிந்தது. இன்று நான் அறுப்பில் இருந்தேன். அவர் வரப்பில் துண்டு விரித்து உட்கார்ந்து, கட்டு கட்டுகிறவர்களை அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். பஸ் இன்னும் வரவில்லை. பள்ளிக்கூட மணியும் அடிக்கவில்லை.

"அம்சம்" என்று என்னைக் கூப்பிட்டார். அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

என்னவோ தப்புச் செய்தவர் மாதிரி என் முகத்தைப் பார்த்தார். "பசிக்கிது" என்றார்.