தேநீரோடு விழுங்கிய இரும்புக் குளிசைகள்

அனுப்புநர்:
யாகப்பர் பெனடிக்ற்,
கோவிலடி, கண்டல்பாடு,
மன்னார் தீவு.

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
மன்னார்.

விடயம்: கண்டல்பாடு கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடன் விழுங்கும் வழக்கத்தை நிறுத்துதலும், என் மனைவி மீது சொல்லப்பட்ட பழியை நீக்குதலும்.

மதிப்புக்குரிய வைத்திய அதிகாரி ஐயாவுக்கு,

1. நான் மீன் பதனிடும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனம் படித்தவன். என் மனைவி அன்ரோனெற் ஏழு மாதக் கர்ப்பிணி. இது எங்கள் முதற்பிள்ளை. அவர் இப்போது கிளினிக்குக்குப் போவதில்லை. இனிப் போகவும் மாட்டேன் என்கிறார். என் முறைப்பாடு இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் அதற்கான காரணம்.

2. மே மாதக் கிளினிக்கில் அவருடைய இரத்தம், அதாவது ஈமோகுளோபின், 8.9 என்று வந்தது. முந்திய மாதமும் ஏறக்குறைய அதேதான். குளிசை கொடுத்தும் ஏன் ஏறவில்லை என்று மருத்துவமாது திருமதி மங்கையற்கரசி கேட்டிருக்கிறார். கேட்டதில் பிழை இல்லை. கேட்ட விதந்தான் பிழை. கிளினிக் நடக்கும் சனசமூக நிலையம் நிறையப் பெண்கள் இருக்க, "குளிசையை நீ தின்னுறியோ, கோழிக்குப் போடுறியோ பிள்ளை?" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "தின்னுறனான் மிஸ்ஸி" என்று இவர் சொல்ல, "தின்னுற ஆளின்ர இரத்தமோ இது? மடு மாதா அறியச் சொல்லு பாப்பம்" என்று கேட்டிருக்கிறார்.

3. என் மனைவி வீட்டுக்கு வந்து சமைத்து எனக்குச் சோறு போட்டார். பக்கத்து வீட்டுப் பெற்றிசியா அக்கா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும். அடுத்த நாள் காலை மனைவி என் முன்னால் வந்து நின்று குளிசையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் காட்டச் சொல்லவில்லை, ஐயா. "நான் உம்மை நம்புறன், வாயை மூடும்" என்றேன். "நீங்கள் நம்புவியள். நாளைக்கு ஆரும் கேட்டால் பாத்தனான் எண்டு சொல்லவேணும்" என்றார். எட்டு வயதுப் பிள்ளை மாதிரி ஒரு வளர்ந்த பெண் வாயைத் திறந்து காட்டுவதை நின்று பார்ப்பது எவ்வளவு கடினம் என்று தங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

4. அப்படிப் பார்த்ததில்தான் எனக்குப் பிடிபட்டது. அவர் குளிசையை விழுங்கியது தேத்தண்ணியோடு. கண்டல்பாட்டில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். எங்கள் கிணறுகள் உவர். ஆனி, ஆடியில் இன்னும் மோசம். அந்தத் தண்ணீரோடு இரும்புக் குளிசை போட்டால் குமட்டிச் சத்தி வரும். ஆகவே தேத்தண்ணி. அந்தத் தேத்தண்ணியிலும் உப்புத் தெரியாமல் இருக்க இரண்டு மடங்கு தூள் போட்டு, கறுக்கக் கறுக்கச் சாயம் வடிப்பது எங்கள் கரை வழக்கம். தேநீரில் துவர்ப்பைத் தருவது தனின் எனப்படும் பொலிபீனோல் வகை. அது இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் உறிஞ்ச முடியாத சேர்வையாக்கிவிடும். சாயம் கூடக் கூடப் பிடிப்பும் கூடும். எங்கள் பெண்கள் நல்லாய் விழுங்குகிறார்கள். உடம்புக்குப் போய்ச் சேருவது கொஞ்சந்தான்.

5. வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு குளிசையின் மேற்பூச்சை உரசி எடுத்து, பொடியாக்கி, போத்தல் தண்ணீரில் கரைத்தேன். அதற்குள் மனைவி ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணியில் கொஞ்சம் விட்டேன். கண்ணுக்கு முன்னால் கறுநீலமாக மாறியது. பழைய காலத்தில் எழுதும் மை செய்ததும் இதே இரசாயனத்தில்தான். மனைவி கிளாசைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்ப இவ்வளவு நாளும் மையோ குடிச்சனான்? இந்தப் பிள்ளை எழுதப் படிக்கத் தெரிஞ்சுதான் பிறக்கப்போகுது" என்றார். கிளினிக்கில் நடந்ததற்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

6. தேநீரைத் தடைசெய்யுமாறு நான் கேட்கவில்லை. அதிலுள்ள கஃபீன் களைப்பை நீக்கும். கர்ப்பிணிகள் அதை அளவோடு எடுக்கவேண்டும், அவ்வளவே. தியனின் என்ற இன்னொரு பொருள் மனதைச் சாந்தப்படுத்தும் என்கிறார்கள். பொலிபீனோல்களிலும் நன்மை உண்டு. என் மனைவிக்குப் பின்னேரத் தேத்தண்ணி இல்லாவிட்டால் தலையிடி, எனக்குச் சண்டை. பிழை தேநீரில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. குளிசைக்கும் தேநீருக்கும் இடையில் ஒன்றிரண்டு மணித்தியாலம் விட்டால் போதும். குளிசையோடு தேசிக்காய்த் தண்ணீர் குடித்தால் அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உறிஞ்ச உதவும்.

7. குளிசையைத் தேநீருடன் எடுக்கவேண்டாம் என்று சுகாதார அறிவுறுத்தல்களில் உள்ளதை நான் அறிவேன். எழுதியவர் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கவில்லை. கிளினிக் நாளில் எதிர்க்கடை அபூசாலி நானா பெரிய கேத்தல் நிறையத் தேத்தண்ணி இலவசமாகக் கொண்டுவந்து வைப்பார். கர்ப்பிணிப் பெண்கள் வெயிலில் வருகிறார்களே என்ற இரக்கம். மருத்துவமாதுவும் அன்றைய குளிசையைத் தன் முன்னாலேயே அந்தத் தேத்தண்ணியோடு விழுங்கவைப்பார். வீட்டில் போடுகிறார்களோ என்ற சந்தேகம். ஒருவருடைய இரக்கமும் மற்றவருடைய கண்டிப்பும் ஒரே கிளாசில் சேர்ந்ததுதான் கேடு.

8. நான் இருவரிடமும் நேரிற் போனேன். அபூசாலி நானாவுக்கு முதலில் கோபம். "என்ர தேத்தண்ணியைக் குடிச்சு ஆர் தம்பி மவுத்தானது?" என்றார். கறுத்த கிளாசைக் காட்டியதும் வாங்கி மணந்து பார்த்தார். பிறகு, "அப்ப எத்தினை மணிக்குக் கேத்தலைக் கொண்டர?" என்று கேட்டார். மருத்துவமாது கிளாசைப் பார்க்கவே இல்லை. "தம்பி, நீங்கள் மீனைச் சோதியுங்கோ. மனிசரை நாங்கள் பாக்கிறம்" என்றார்.

9. அன்றிலிருந்து என் மனைவி போத்தல் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து குளிசை எடுக்கிறார். தேத்தண்ணி பின்னேரம் மட்டும். இம்மாதம் மன்னாரில் தனியாரிடம் எடுத்த பரிசோதனையில் இரத்தம் 10.1. பிரதி இணைத்துள்ளேன். ஒருவரின் இரத்தத்தை வைத்து எல்லாவற்றுக்கும் தேநீர்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கிளினிக்கின் மற்றத் தாய்மாரையும் தாங்கள் பரிசோதித்துப் பார்க்கவேண்டும்.

10. மருத்துவமாதுவுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு முதற்பிரதியில் எழுதியிருந்தேன். மனைவி வாசித்துவிட்டு அதை வெட்டச் சொன்னார். "அவ பாவம், இந்த வெய்யிலுக்குள்ள சைக்கிள் உழக்கி வாறவ. பெற்றிசியா அக்காவின்ர பிள்ளைக்கு மூச்சு வராமல் கிடக்கேக்க ஆர் காப்பாத்தினது?" என்றார். எனக்கு மனமில்லை. ஆனால் வெட்டிவிட்டேன்.

11. ஆகவே தங்களிடம் கேட்பது மூன்று. முதலாவது தண்ணீர்: கிளினிக் நாட்களில் குடிக்கக்கூடிய நன்னீர் பவுசர் வண்டியில் அனுப்பவேண்டும். குளிசை வீட்டிலும் போடவேண்டியிருப்பதால் கர்ப்பிணிகள் உள்ள வீடுகளுக்கும் ஒரு கான் தண்ணீராவது கிடைக்க வழி செய்யவேண்டும். இரண்டாவது, தேநீருக்கும் குளிசைக்கும் இடையில் விடவேண்டிய நேரத்தைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். மூன்றாவது, அன்ரோனெற் குளிசை எறிந்தவர் இல்லை என்பதை, சிரித்த அதே பெண்கள் இருக்கும்போது, மருத்துவமாது தன் வாயால் சொல்லவேண்டும். மன்னிப்புத் தேவையில்லை. அந்த ஒரு வசனம் போதும்.

12. அடுத்த கிளினிக் இம்மாதக் கடைசி வியாழன். மருத்துவமாது சொல்வார் என்று தாங்கள் எனக்கு ஒரு வரி அறிவித்தால், அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டு, கிறவல் ரோட்டுக் குழிகளுக்கு விலத்தி, மனைவியை மோட்டார் சைக்கிளில் மெதுவாகக் கூட்டி வருவேன். அப்படியென்றால் வருவதாக அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். போடுவதற்கு எந்தச் சட்டை என்றும் யோசித்து வைத்திருக்கிறார். தாமதிக்கவேண்டாம் ஐயா; பிள்ளை எங்கள் கடிதப் போக்குவரத்துக்காகக் காத்திருக்காது.

தங்கள் ஒரு வரிப் பதிலைப் பார்த்திருக்கும்,

(ஒப்பம்) யா. பெனடிக்ற்

இடம்: கண்டல்பாடு
திகதி: 2018.07.12

இணைப்பு: இரத்தப் பரிசோதனை அறிக்கையின் பிரதி