என் வேலைக்கு நான் எழுதிய விளம்பரம்

அன்புள்ள அன்னெக்ரெட்,

நலமா? நார்வேயில் பனி விட்டதா? இங்கே சந்தைக்கு வெள்ளை ஆஸ்பராகஸ் தண்டு வந்துவிட்டது. தினமும் அதையே சமைக்கச் சொல்லி என் வீட்டுக்காரன் ஹென்னிங் உயிரை வாங்குகிறான். போன ஞாயிறு உன் அம்மாவைப் பார்த்தேன். இடுப்பு வலி குறையவில்லை. "எம் பொண்ணு எப்பத்தான் ஊருக்கு வருவா?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் இன்னொரு துண்டு கேக்கை என் தட்டில் வைத்துவிட்டார்.

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் தாவரவியல் துறையில் ஆய்வும் கற்பித்தலுமாக ஒரு பணியிடம் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "யாரோ என்னை நிக்க வச்சு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குடி" என்று துள்ளியிருந்தாய். அளவெடுத்தது உண்மைதான். உன்னை அல்ல, என்னை. அது என் வேலை. விளம்பரத்தை எழுதியதும் நான்தான்.

பல்கலைக்கழகத்தில் ஒருவரை ஒப்பந்தத்தில் வைத்திருக்கச் சட்டம் விடும் ஆண்டுகள் எனக்குச் செப்டம்பரோடு தீர்கின்றன. அதற்குமேல் நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். நிரந்தரம் கிடையாது, அதே வேலைக்குப் புது ஆளை ஒப்பந்தத்தில் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பேராசிரியர் ஃபோல்க்மார் என்னைக் கூப்பிட்டு, "நீ செய்யற வேலைதானே விப்கே, உன்னவிட நல்லா யாரு எழுதப் போறா?" என்றார். குத்தல் இல்லை. பாவம், அவருக்கு அது உறைக்கவே இல்லை.

எனக்குத்தான் புத்தி கெட்டது. சதுப்பு நிலப் பாசியில் ஆய்வு, மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப்போன அனுபவம், உலர்த்திய தாவரங்களின் சேகரிப்பைப் பராமரித்த பழக்கம் என்று என்னைத் தவிர யாருக்கும் பொருந்தாதபடி எழுதினேன். யாரும் தேறாவிட்டால் என்னையே வைத்துக்கொள்வார்கள் என்று நப்பாசை. பணியாளர் அலுவலகத்து எட்டிங் அம்மாள் சிரித்துவிட்டார். "டாக்டரம்மா, உலகத்துலயே நீங்க ஒருத்திதான் இருந்தாலும் உங்களுக்குக் குடுக்க முடியாது. ஆள் கிடைக்கலன்னா எடத்தையே தூக்கிருவாங்க." யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். என்னோடு ஒரே ஆசிரியரிடம், ஒரே சேற்றில் நின்று படித்த நீ ஒருத்தி இருப்பதையும் மறந்துபோனேன்.

வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் இதே சட்டம்தான். வெளிநாடு போகலாம் என்றால் ஹென்னிங்கின் தச்சுப் பட்டறை, பிள்ளை யோன்டேயின் பள்ளிக்கூடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

உன் கடிதத்தைப் படித்ததும் உன்மேல் ஆத்திரமாக வந்தது. பொறாமை என்றே வைத்துக்கொள். "உள்ளேயே ஆள் பார்த்துவிட்டார்கள், வீண் வேலை" என்று எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீ நம்பியிருப்பாய். பாதி விளம்பரங்கள் அப்படித்தானே.

ஆனால் இதில் யாரையும் பார்த்து வைக்கவில்லை. விண்ணப்பம் போடு. நீ நார்வேயில் வேலை பார்த்த ஆண்டுகள் இந்தச் சட்டக் கணக்கில் ஏறாது. எனக்காக இரக்கப்பட்டு நீ ஒதுங்கினால் எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை, அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் யாரும் இல்லை. உன் அம்மாவையும் நினைத்துக்கொள்.

தேர்வு நாளன்று மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். துறையில் இருப்பவர்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்க வேண்டும், நானும்தான். பதறாமல் நடத்து, நீ நன்றாகவே நடத்துவாய். முடிந்ததும் வழக்கம்போல, கைதட்டலுக்குப் பதிலாக, எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். நானும் தட்டுவேன். அப்போது மட்டும் என் பக்கம் திரும்பிவிடாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கும்,
உன் விப்கே