குழம்பில் ஒரு கரண்டி

அம்மு,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. நம் வீட்டில் சாப்பிட்டு மயங்கி விழுந்த உன் தம்பிக்கு இப்போது மூச்சு சீராகிவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

"சமைச்ச நான்தான் பாவி" என்று நேற்றெல்லாம் அழுதாயே, பாவி நான். முந்தாநாள் உன் தம்பி நண்பர்களோடு சாப்பிட வந்ததும் நீ கதவைத் திறக்கப் போனாய். குழம்பு தண்ணியாக இருக்கிறதே என்று வேர்க்கடலைப் பொடி ஒரு கரண்டி போட்டேன். அவனுக்கு அது ஆகாது என்பது ஞாபகமே வரவில்லை. "மாமா, இன்னைக்கு அக்கா கைமணமே வேற!" என்று அவன் கேலி செய்தபோது பெருமையாகக்கூட இருந்தது. குழம்பில் என்னென்ன போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டேன். இன்று அவனிடமும் சொல்லிவிடுவேன்.

பால் காய்ச்சி வைத்திருக்கிறேன், குடி. குழம்பைக் கொட்டியாச்சு.

பி.கு.: சாவியை எடுத்துப் போகவில்லை. வந்து பெல் அடிப்பேன். திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.