மூக்கு மேட்டைப் பார்க்கட்டும்

தெமோதரை,
ஞாயிற்றுக்கிழமை பகல்

மாதாவின் காவலில் கட்டாரில் இருக்கும் என் மகன் கெவினுக்கு,

உன் அப்பா நான் என் கையாலேயே எழுதுகிறேன், நம்பு! உன் மனைவி நிலுக்ஷி சொல்லிக் கொடுத்த எழுத்துதான். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் எத்தனை சந்தோஷம்! நாங்கள் சுகம். நிலுக்ஷிக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. பிரசவத்துக்கு நாளைக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கவலை உன் வேனைப் பற்றித்தான். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. பக்கத்து வீட்டு லொறி டிரைவர் றினாஸ் புதிது மாட்டித் தண்ணீர் ஊற்றினான். மாதா கோயில் வரை ஓட்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று வருகிறது. உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்கிறான். ஆறவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டும் பார்த்தோம். போகவில்லை. போன தடவை பெரிய ரோட்டு ஏற்றத்தில் இதே வேன் கொதித்து நின்றதும், பிள்ளை வழியிலேயே நம்மை விட்டுப் போனதும் எல்லார் மனதிலும் இருக்கிறது.

உன் அம்மா வந்து பார்த்தாள். பேட்டரியை நம்பாமல் நம் லயத்து வீட்டு வரிசையில் எல்லா வண்டியையும் பள்ளத்தைப் பார்த்தே நிறுத்துவோமே, தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று. அதைத்தான் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஊத்துத் தண்ணி பைப்புல காத்து அடைச்சா மேட்டுலதானே தொறந்து விடுவீங்க? வேன் மூக்கப் பள்ளத்துல குத்தி வெச்சா காத்து எப்படிங்க வெளிய வரும்?" என்று கேட்டாள். றினாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு, "இருதயம்மாக்கா, நான் வீட்டுக்குப் போறேன், நீங்களே பாருங்க" என்று தோற்றுப்போய்ச் சிரித்தான்.

மூடியில் கை வைக்கும் அளவுக்கு இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருக்கிறோம். அந்த நேரத்தில்தான் எழுதுகிறேன்.

*

நடுவில் விட்டுவிட்டு ஓடினேன். நிலுக்ஷிக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் இந்தத் தோட்டத்து ரோட்டில் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று உனக்கே தெரியும்.

லயத்து ஆட்கள் சேர்ந்து வேனைத் திருப்பி, மூக்கை மேட்டில் ஏற்றி, டயருக்குக் கல் கொடுத்தார்கள். ஸ்டார்ட் ஆகாவிட்டால் இனித் தள்ளவும் முடியாது. மாதாவே என்றேன். பிடித்துக்கொண்டது. ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு றினாஸ் ஹோஸை அமுக்க அமுக்க, ரேடியேட்டர் வாயில் குபுகுபுவென்று குமிழ் வந்தது. தண்ணீர் சட்டென்று கீழே இறங்கியது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன், அவசரத்தில் பாதி நிலத்தில். வீட்டுக்குள் நிலுக்ஷியின் சத்தம் கேட்டது. கடைசியில் குமிழ் நின்றது. ஹீட்டரில் கை வைத்தேன், சூடு!

முள் நடுவில் நிற்கிறது. ஏற்றத்தில் என்ன செய்யுமோ தெரியாது. அம்மா நிலுக்ஷியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். தண்ணீர்க் கேனோடு நானும் ஏறுகிறேன். றினாஸின் மனைவி ஷம்ரா இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

முழங்காலில் நின்று ஜெபம் செய். இன்றைக்கு உனக்குப் போன் வரும். போன தடவையை நினைத்து எடுக்காமல் இருந்துவிடாதே, ராசா. அடித்தவுடன் எடு.

உன் அப்பா
யாகோப்பு