அந்த ஒரு பம்ப் காற்று

என் அப்பாவுக்கு,

இந்தச் சாரலிலும் ஸ்வெட்டர் போடாமல்தான் இருப்பீர்கள். முதலில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு படிக்கலாம்.

நீங்கள் ஃபிட்டராக இருந்த தேயிலை ஃபேக்டரி இன்னும் திறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக உடைகின்றன. யார் உடைப்பது என்று யாரும் கேட்பதில்லை. பச்சை இலைக்கு விலை ஏறவே இல்லை. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பலர் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள், அது மரமாக வளர்ந்து நிற்கிறது. நம்மைக் குவார்ட்டர்ஸிலிருந்து காலி செய்யச் சொல்லி இதுவரை ஆள் வரவில்லை. அம்மா கேத்திப் பக்கம் கேரட் கழுவும் வேலைக்குப் போகிறாள். உடைந்த கேரட்டை மடியில் கட்டிக்கொண்டு வருவாள்.

மற்றபடி எங்கள் சாப்பாடு, வீட்டுக்குப் பின்னால் நீங்கள் கொத்திவிட்டுப் போன துண்டு நிலத்தில்தான் இருக்கிறது. பீன்ஸ், உருளைக்கிழங்கு, கொஞ்சம் முள்ளங்கி. அதைக் காப்பாற்ற நீங்கள் வாங்கிய ஏர்கன் பற்றித்தான் எழுத வந்தேன்.

தோட்டத்தின் கோடியில், வெட்டிய மண்சுவருக்கு முன்னால், சில்வர் ஓக் கிளையில் ஒரு தகரத்தைத் தொங்கவிட்டிருந்தீர்கள். குரங்கு வந்தால் அந்தத் தகரத்தைத்தான் சுடுவீர்கள். "அதும் வயித்துக்குத்தான வருது அம்மிணி. அதைச் சுட்டா பாவம், கேசும்கூட. தகரத்தைச் சுட்டாப் போதும்" என்பீர்கள். ணங் என்ற அந்தச் சத்தத்துக்கே கூட்டம் மேல்காட்டுக்கு ஓடிவிடும். நீங்கள் போன பிறகு தகரம் வாய் திறக்கவில்லை. அதைக் குரங்குகள் கவனிக்காமலா இருக்கும்? முதலில் வேலி வரை வந்தன, பிறகு கூரைக்கு. போன வாரம் பெரிய கடுவன் குரங்கு ஒன்று சமையலறைக்குள்ளேயே வந்து அம்மாவிடம் பல்லைக் காட்டியது. அம்மா சுவரோடு ஒட்டி நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டுச் சரசக்காதான் விளக்குமாற்றோடு ஓடிவந்து துரத்தினாள்.

"ஏனுங்கக்கா, ஃபேக்டரியில மனுசங்களுக்குத்தான் லீவு. இதுகளுக்கு மூணு ஷிப்டும் ஓடுது" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. கதவுக்கு மேலிருக்கும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பளியில் சுற்றி, குழல் என் கட்டில் பக்கம் நீட்டியபடி, உங்கள் ஏர்கன் அங்கேதான் கிடந்தது.

அப்பா, எனக்கு அதைக் கண்டால் பயம். நீங்கள் இருந்தபோது இல்லாத பயம். எதனால் என்று சொல்கிறேன்.

மற்றவர்களுடைய ஏர்கன் போலக் குழலை மடக்கிச் சுடுவதல்ல அது. அடியிலிருக்கும் கைப்பிடியைச் சைக்கிள் பம்ப் போலத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். அடித்த காற்று, சுடும் வரை உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். வேலை முடிந்ததும் நீங்கள் காலியாகச் சுட்டுப் பார்த்துவிட்டு, குண்டு போடாமல் ஒரே ஒரு பம்ப் அடித்து எடுத்து வைப்பீர்கள். அந்தக் கொஞ்சம் காற்று இருந்தால்தான் உள்ளே வால்வு இறுகி நிற்கும் என்பீர்கள். இதையெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, தொடவே விட்டதில்லை. வாசற்படியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்த்ததுதான்.

ஆனால் அந்தக் காலையில் என்ன நடந்தது? நீங்கள் ஏர்கனோடு தோட்டத்துக்குப் போனீர்கள். சில்வர் ஓக் அடியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அம்மா ஓடிவந்து உங்களைத் தூக்கியபோது ஏர்கன் சரிந்து கல்லில் விழுந்தது. பிறகு ஜீப், குன்னூர் ஆஸ்பத்திரி, பிறகு நீங்கள் இல்லை. அதை எடுத்துவந்து பலகையில் வைத்தது அம்மாதான். எப்போது வைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. அப்படியென்றால் உள்ளே இருப்பது ஒரு பம்ப்பா, முழுக் காற்றா? குண்டு இருக்கிறதா? குரங்கைப் பார்த்துப் பம்ப் அடித்துக் குண்டும் போட்ட பிறகுதான் உங்களுக்கு வலி வந்ததோ?

இந்தக் கேள்விக்குக் கீழேதான் இத்தனை மாதம் படுத்திருந்தேன். தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினேன். பிறகு என் காலில் பட்டுவிடுமோ என்று பயந்தேன். அறிவியல் புத்தகத்தில் அழுத்தப்பட்ட காற்றைப் பற்றிப் படித்தது இன்னும் மோசம். வழி கிடைக்கும் வரை அது தள்ளிக்கொண்டே இருக்குமாம்.

குரங்கு வந்த மறுநாள், சுட ஆளில்லாத வீட்டில் அது எதற்கென்று அம்மா முடிவெடுத்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை வரும் பழைய இரும்புக்காரரிடம் அதைப் போட்டுவிடுவதென்று. நான் வேண்டாம் என்றேன். அவர் எதையும் கண்ணருகே தூக்கிப் பார்த்துத்தான் விலை சொல்வார். சுத்தியலாலும் தட்டுவார். குண்டு இருந்தால்?

அதற்கு அம்மா, "அப்ப நாமளே சுட்டு எறக்கிரலாம். நீ தள்ளி நில்லு, நான் சுடறேன்" என்றாள். அவளுக்கு எந்தப் பக்கம் இழுப்பதென்றே தெரியாது அப்பா. கடைசியில் நான் சுடுவது, அவள் என்னைப் பிடித்துக்கொள்வது என்று ஆயிற்று.

பலகையிலிருந்து நான்தான் இறக்கினேன். குழலை ஒரு நொடிகூட யார் பக்கமும் திருப்பவில்லை. மூடுபனி குடித்துக் குடித்து, குண்டு போடும் வாயை மூடும் போல்ட் துருவேறி அசையவில்லை. தையல் மிஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நாள் காத்திருந்தேன். போல்ட் நகர்ந்தது. ஆனாலும் தெரிந்துகொள்ள முடியவில்லை. குண்டு குழலுக்குள் போயிருந்தால் பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது, முன்னாலிருந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. சுட்டால்தான் தெரியும்.

மண்சுவரில் ஈரச் செய்தித்தாளை ஒட்டினேன். மண் நிரப்பிய சாக்கின் மேல் ஏர்கனை வைத்தேன். அம்மா பின்னாலிருந்து என் இரண்டு தோளையும் பிடித்தாள். அவளுடைய மூச்சு என் காதில் பட்டது. குண்டைவிட வேறொன்றுக்கும் அப்போது பயந்தேன். உள்ளே இருந்த காற்று உங்கள் கை அடித்தது. இதை அழுத்தினால் அதுவும் போய்விடும்.

அழுத்தினேன்.

புஸ்.

அவ்வளவுதான். பனியில் வாய் ஊதியது போல. தாளில் ஓட்டை இல்லை. கிட்டப் போய்த் தடவியும் பார்த்தேன், இல்லை. ஒரே ஒரு பம்ப், குண்டு இல்லாமல்.

அம்மா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்குத் தகரம் சத்தம் கேட்டுச்சு அம்மிணி" என்றாள். "கொரங்கு ஒண்ணுங் காணமே, எதுக்குச் சுடறாருன்னு நெனச்சுட்டேதான் எட்டிப் பாத்தேன். உக்காந்திருந்தாரு."

வலி வந்த பிறகுதானே அப்பா அதைச் சுட்டீர்கள்? எடுத்துப் போகிறவர்கள் கையில் வெடிக்கக்கூடாது என்று குண்டைத் தகரத்தில் இறக்கிவிட்டு, அந்த நிலையிலும் ஒரு பம்ப் அடித்து வைத்துவிட்டுத்தானே உட்கார்ந்தீர்கள்? அந்த நேரத்தில் எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே? நீங்கள் எங்களைக் காப்பாற்றி வைத்திருந்த இடத்தைப் பார்த்தா இத்தனை மாதம் பயந்தேன்?

இரும்புக்காரர் வந்தபோது அம்மா ஓட்டைச் சட்டியை மட்டும் போட்டாள்.

இப்போது தகரத்தில் மாவுப் பசையால் தாள் ஒட்டிக் குறி பார்க்கிறேன். கல்லில் விழுந்ததில், குறி பார்க்கும்போது கண்ணுக்கு நேரே வரும் பின்குறித் தகடு வளைந்திருக்கிறது. குண்டெல்லாம் தகரத்தின் இடது ஓரத்தை உரசிக்கொண்டே போயின. சரிசெய்கிறேன் என்று பின்குறியை இன்னும் இடப்பக்கம் தள்ளினேன். அடுத்த குண்டு தகரத்தையே விட்டு விலகி மண்சுவரில் புதைந்தது. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியைத் தள்ள வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு பம்ப் அடிக்கவில்லை என்றால் குறியே நிற்காது என்பதும். நீங்கள் எட்டு அடிப்பீர்கள். என் கைக்கு ஐந்துதான் வருகிறது. ஐந்துக்குக் குண்டு தாழ்ந்து போகிறது. அதனால் பின்குறியை ஒரு படி ஏற்றிவிட்டேன். உங்கள் கைக்கு வைத்த குறியை மாற்றினேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேற்றுச் சாயங்காலம் என் குண்டு தகரத்தின் நடுவில் பட்டது. ணங். துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று திரும்பி சில்வர் ஓக் அடியைத்தான் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கூரையிலிருந்த கடுவன் போய்விட்டது.

பயம் போகவில்லை அப்பா. காலி செய்யச் சொல்லி ஆள் வந்தால் எங்கே போவோம் என்று தெரியவில்லை. திருப்பூருக்குப் போகலாமா என்று அம்மா கேட்கிறாள். அங்கே தகரத்தை எந்த மரத்தில் கட்டுவது?

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். குரங்கின் மேல் ஒருநாளும் குறி வைக்க மாட்டேன். எங்கே போனாலும், எவ்வளவு பயந்திருந்தாலும், குண்டை இறக்கிவிட்டு ஒரு பம்ப் அடித்து, குழலைச் சுவர் பக்கம் திருப்பித்தான் எடுத்து வைப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது என் கைக் காற்று. தலையணையைத் திரும்பத் தலைமாட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

உங்கள் மகள்,
நீங்கள் கூப்பிட்ட பெயரிலேயே,
அம்மிணி