போட்டு வாறன் என்று சொல்லப் பழகிய புரோகிராம்

இன்று காலை ஜெயந்தியக்கா போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர் பார்த்துக்கொள்ளும் சாவகச்சேரிப் பக்கத்துப் பால் சேகரிப்பு நிலையத்தின் கணினித் திரை. ஒரு மூலையில் பிள்ளையார் படம் ஒட்டியிருக்கிறது. நடுவில் நீ எழுதிவைத்த வரி: "முந்தி சொல்லாமல் போயிட்டன். இரண்டாம் தாங்கி சூடாகிக்கொண்டிருந்தது. முதல் அதைப் பார்க்கிறன்."

வாசித்துச் சிரித்தேன். பிறகு அழுதுவிட்டேன். நீ இருந்திருந்தால் "எடி, மூக்கைத் துடை, வேலையைப் பார்" என்றிருப்பாய்.

உரும்பிராயில் கடைக்கு மேலே அந்த ஒற்றை அறையில், பால் தாங்கிகளின் சூட்டைக் கவனிக்கும் புரோகிராமை நாம் இரண்டு பேரும் தொடங்கியது நினைவிருக்கிறதா? நான் அலாரத்தை முதலில் எழுதவேண்டும் என்று நின்றேன். நீ விடவில்லை. "முதல் இதுக்குக் கதைக்கப் பழக்குவம். என்ன செய்யுது எண்டு சொல்லத் தெரியாததை நம்பி ஆரடி பாலை விடுவினம்?" என்றாய். எழுதியதும் சின்னப் புரோகிராம் துண்டுதான். புரோகிராமின் எந்தப் பகுதியும் தன் செய்தியை அதனிடம் கொடுக்கும். அது நேரத்தைப் போட்டு, சொன்னது யார், அது தகவலா எச்சரிக்கையா பிழையா என்று குறித்து, ஒரு கோப்பில் சேர்க்கும். அவ்வளவுதான்.

வேகத்துக்காக, செய்திகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதலாம் என்று மாற்றிப் பார்த்தேன். மழையோடு கரண்ட் போனது. திரும்பி வந்து பார்த்தால் கோப்பில் ஒன்றுமில்லை. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நெஞ்சுக்குள்ளை பூட்டி வைச்சு என்ன செய்யப்போறாய்? நடந்த உடனை எழுது."

அன்றைக்குத்தான் உனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் யாரும் "போறன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிடுவதில்லை. பக்கத்துக் கடைக்கென்றாலும் "போட்டு வாறன்" தான், போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று. புரோகிராமும் ஒழுங்காக மூடப்படும்போது கடைசி வரியாக அதையே எழுதட்டும் என்றாய். திறக்கும்போது முதலில் அந்த வரியைத் தேடும். இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் இடையில் ஏதோ நடந்து விழுந்திருக்கிறது. "அப்ப என்ன செய்யிறது? கத்துறதோ?" என்று கேட்டேன். "கத்தி என்ன பிரயோசனம்? கடைசி வரி எங்கை நிக்குதெண்டு பார்த்து, அங்கையிருந்து தொடங்கவேண்டியதுதான்."

உனக்குப் பிறகு முகுந்தன் வேலைக்கு வந்தான். கெட்டிக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம். உன் துண்டைக் கழற்றிவிட்டு, ஆயத்தமாகக் கிடைக்கும் ஒன்றைப் போடவேண்டும் என்று கிழமைக் கணக்காக நச்சரித்தான். நேற்று சொல்லியே விட்டான்: "அக்கா, செத்த ஆளின்ரை ஞாபகத்துக்காக ஒரு துண்டை வைச்சிருக்கேலாது." எனக்கு வந்ததே கோபம்! ஆனாலும், உன் துண்டை நான் வைத்திருப்பது அது நல்லதென்பதாலா, உன்னை விடமுடியாததாலா என்று எனக்கே தெரியவில்லை. நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்றேன்.

பதிலை ஜெயந்தியக்கா சொல்லிவிட்டார். விடியக் கரண்ட் போய் வந்திருக்கிறது. இரண்டாம் தாங்கியைக் குளிராக வைத்திருக்கும் மோட்டார் அதற்கு முன்பே மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தது. வேறொன்றாக இருந்தால், இப்போதுதான் முதன்முதல் பார்ப்பதுபோல் ஆற அமரக் கவனித்துவிட்டுத்தான் எச்சரித்திருக்கும். அதற்குள் பால் திரைந்திருக்கும். உன்னுடையது, இரண்டாம் தாங்கி சூடாகிறது என்று நின்ற கடைசி வரியைப் படித்து நேரே அந்தத் தாங்கிக்குப் போனது. "தங்கச்சி, நான் வாசிச்ச உடனை பாலை மற்றத் தாங்கிக்கு மாத்திப்போட்டன். ஒரு சொட்டும் பழுதாகேல்லை" என்றார் அக்கா. தமிழில் எழுதினால்தான் அவருக்கு விளங்கும் என்று நீ என்னோடு சண்டை பிடித்ததும் வீண்போகவில்லை.

முகுந்தன் படத்தை இரண்டு தரம் பார்த்தான். "சரி அக்கா, கழட்டவேண்டாம்."

"நான் எப்ப கழட்டுறன் எண்டனான்?"

இனி உன்னோடு ஒரு வழக்கு இருக்கிறது. தினமும் வெளிக்கிடும்போது என் மேசையில் இரண்டு தட்டுத் தட்டி "போட்டு வாறன், எடி" என்பாய். காய்ச்சலோடு போன அன்று நான் போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நீ படியிறங்கும் முதுகைத்தான் கண்டேன். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை. சொல்லாமல் போய்விட்டாளே என்று உன்மேல் எனக்கு இன்றுவரை கோபம்தான்.

பழைய செய்திகளை வேறு கோப்புக்கு மாற்றும் பகுதியை நீ பாதியில் விட்டிருந்தாய். இவ்வளவு நாளும் நான் அதைத் திறக்கவேயில்லை. இன்று மத்தியானம் திறந்தேன். அடைப்புக்குறி மூடாமல் நின்றது உன் கடைசி வரி. அதை மூடினேன். அடுத்த வரியிலிருந்து நான் எழுதினேன். ஓடவிட்டுப் பார்த்தேன், பிசகில்லாமல் ஓடுகிறது.

ஆறு மணியாகிறது. கணினியை மூடிவிட்டேன். உன் மேசையிலும் இரண்டு தட்டுத் தட்டியாயிற்று.

போட்டு வாறன், எடி.