முனை பார்த்த பக்கம்

அன்புத் தங்கைக்கு,

நேற்று போனில் அரைமணி நேரம் பேசினோம். இதைத் தவிர எல்லாவற்றையும் பேசினேன். அதனால்தான் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

மலையடிவாரத்தில் மனை வாங்கும்போது வரைபடத்தை என் முன்னால் விரித்து, "ஜியாகிரபி டீச்சரக்கா, நீ சரின்னா நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடறோம்" என்றாய். சம உயரக் கோடுகள் உன் மனையில் கூராக வளைந்திருந்தன. அது முகடு, தண்ணீர் இருபுறமும் வழிந்துவிடும் என்றேன். கோடுகளில் எழுதியிருந்த உயரத்தை நான் படிக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் அதே வளைவைப் பலகையில் வரைந்தேன். முனை தாழ்ந்த பக்கம் பார்த்தால் முகடு, உயர்ந்த பக்கம் பார்த்தால் ஓடை என்று சொல்லும்போதே கை நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து, அன்று நீ விட்டுப்போன வரைபடத்தைத் தேடி எடுத்தேன். முனை மலையைப் பார்த்திருக்கிறது. ஓடை வரும் வழியில் வீடு கட்டியிருக்கிறீர்கள். கட்டச் சொன்னவள் நான்.

மாப்பிள்ளை சிரிப்பார். "ரெண்டு வருஷமா ஒரு சொட்டு வரலியே, உங்கக்காவுக்கு பயம் ஜாஸ்தி" என்பார். இரண்டு வருஷமும் மழை கம்மி என்று சொல். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

வேங்கிக்காலில் எங்கள் மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வந்துவிடுங்கள்.

அதற்கு மனம் வராவிட்டால், இதைப் படித்து முடித்ததும் குழந்தையின் கட்டிலை மட்டுமாவது மலைப்பக்கச் சுவரிலிருந்து நகர்த்திவிடு.

உன் அக்கா